யாக்கூபின் முட்டிப்பட்டை

"பெரியம்மா, இங்க புது மிஷின் வந்திருக்கு. துவைக்கதும் காயப்போடுததும் அதுவே பாத்துக்கிடுமாம். முட்டிப்பட்டையையும் சேத்துப் போட்டுரலாமா?" என்று ஜெனி போனில் கேட்டாள். தூத்துக்குடிப் பக்கம், எங்கள் ஊர்ப் பிள்ளை. ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த அதே விளையாட்டுக் கிளப்பில், அதே சலவை அறையில் இப்போது அவள் நிற்கிறாள்.

"போடக் கூடாது" என்றேன்.

"ஏன்? துணிதான?"

"கூடாதுன்னா கூடாது. போனை வையி."

வைத்துவிட்டேனே தவிர இரண்டு நாளாக மனசு சரியில்லை. ஏன் என்று கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்வதுதான் முறை. போனில் சொல்கிற பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை, மெதுவாகத்தான் ஓடும். எனக்கும் இனிமேல் பிடிக்க வேண்டிய வண்டி எதுவும் இல்லை.

கல்ஃபுக்குப் போகும்போது எனக்கு நாற்பத்தாறு வயது. அந்த வயதில் ஏன் போனாய் என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. முதல் இரண்டு வருஷம் ஓர் அரபி வீட்டில் வேலை. அந்த வீட்டுக்காரருக்குக் கிளப்பில் ஏதோ பொறுப்பு. நான் வெளுத்த வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டு அவரே என்னைக் கிளப்புக்கு மாற்றிவிட்டார். சிபாரிசு பிடித்து வாங்கிய வேலை இல்லை, என் கை வாங்கிக் கொடுத்த வேலை. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

தங்கியது அஜ்மானில். ஒரே ரூமில் ஐந்து பெண்கள், அடுக்குக் கட்டில். விடியும் முன்பே வேன் வந்து நிற்கும். சலவை அறையில் ஜன்னல் ஒன்றே ஒன்று. காலை முதல் மாலை வரை சிமெண்டுத் தரையில் நின்றே பார்க்கிற வேலை. ரூமுக்குத் திரும்பும்போது கால் இரண்டும் என்னுடையவை மாதிரியே இருக்காது. இன்றைக்கும் மழை இருட்டினால் பாதம் இரண்டும் சொல்லும்.

சலவைக்கும் சாமான் அறைக்கும் பொறுப்பு சிவநேசன் சார். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடச் சின்னவர்தான், ஆனாலும் சார் என்றே கூப்பிடுவேன். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காலையில் வந்ததும் துவைத்த பனியன்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக விரித்துப் பிடிப்பார். நம்பர் ஒட்டு கிளம்பியிருக்கிறதா, அக்குளில் உப்பு பூத்திருக்கிறதா என்று பார்ப்பார். குறை இருந்தால், "அக்கா, இதை இன்னொருக்காப் பாருங்கோ" என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான். அந்த 'இன்னொருக்கா'வுக்கு நான் பயந்த மாதிரி எந்த எஜமானியின் கத்தலுக்கும் பயந்ததில்லை.

வேலை முறை அவர் சொல்லிக் கொடுத்ததுதான். பனியனை உள்பக்கம் வெளியே திருப்பித்தான் தண்ணீரில் போட வேண்டும். நிக்கர் கயிறு உருவிப் போகாமல் இருக்க முனையில் முடிச்சு போட வேண்டும். சாக்ஸ் ஜோடி மாறாமல் இருக்க ஆளுக்கொரு வலைப்பை, அதில் ஊக்கு குத்தி நம்பர் சீட்டு. டிரையர் துண்டுகளுக்கு மட்டும். முட்டிப்பட்டை, கணுக்கால் பட்டை என்று ரப்பர் இழை ஓடுகிறவற்றுக்கு மிஷினே கிடையாது. பச்சைத் தண்ணீரில் கையால் அலசி, பிழியாமல், இரண்டு துண்டுக்கு நடுவில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி, நிழலில் தட்டையாகப் பரப்ப வேண்டும். ஏன் என்று நானும்தான் கேட்டேன். அவர் வாயால் சொல்லவில்லை. டிரையரில் போய்ச் செத்த பட்டை ஒன்றையும் நல்ல பட்டை ஒன்றையும் என் கையில் கொடுத்து, "இழுத்துப் பாருங்கோ" என்றார். இழுத்தேன். நல்லது சடக்கென்று திரும்பியது. மற்றது போன இடத்தில் கொஞ்சம் நின்று, யோசித்து, மெல்ல வந்தது. பார்க்க இரண்டும் ஒன்றுதான். கைக்கு மட்டும்தான் தெரியும்.

நான் சேர்ந்த காலத்தில் கூடைப்பந்து டீமில் இருந்தவர்கள் போலீஸ்காரர்கள், பேங்கில் வேலை பார்ப்பவர்கள், காலேஜ் பையன்கள். எல்லாரும் டூட்டி முடிந்து சாயங்காலம் விளையாட வருகிறவர்கள். யாக்கூப் வந்த பிறகுதான் விளையாட்டே டூட்டி என்று ஓர் ஆளைப் பார்த்தேன். எங்கள் கிளப்பில் பந்து போடுவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன். இதைக் கேட்டு ரூமில் ஸ்டெல்லா சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. ஸ்டெல்லா கன்னியாகுமரிப் பக்கம், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை.

"பந்து போடதுக்குச் சம்பளமா? எனக்க மோன் தெருவுல சும்மால்லா போடுதான்!"

"நீயும் உன் வீட்டைச் சும்மாதான கூட்டுன? வார்டைக் கூட்டுததுக்கு மட்டும் எதுக்குட்டி சம்பளம் வாங்குத?" என்றேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

யாக்கூப் சூடான்காரன். ஆற்றங்கரை ஊர். அப்பா படகுத் துறையில் மூட்டை தூக்கியவர். சண்டைக்குப் பயந்து ஊரே கிளம்பியபோது தலைநகரத்துக்கு வெளியே ஒரு முகாமில் வளர்ந்திருக்கிறான். அங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இவன் உயரத்தைப் பார்த்து, பீப்பாய் வளையத்தைக் கம்பத்தில் கட்டிப் பந்து போடச் சொல்லியிருக்கிறார். பிறகு எகிப்தில் ஒரு ஆலை டீமில் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் ஒரு ஜோடி பூட்சுக்கும் விளையாடினான். அப்புறம் குவைத்தில் ஃபஹாஹீலில் ஒரு வருஷம். அதற்கப்புறம் எங்களிடம். பேப்பரில் ஒரே ஒரு தடவை அவன் படம் வந்தது. டீமாக நின்று எடுத்த படம். மற்ற எல்லார் முகமும் தெரிகிற மாதிரி வெட்டியதில் இவன் தலை மட்டும் காணாமல் போயிருந்தது. அதை மடித்துப் பர்சில் வைத்திருந்தான். "இது நீதான்னு யாரு நம்புவா?" என்று கேட்டேன். "முட்டியைப் பார்த்தால் என் பெண்டாட்டி நம்புவாள்" என்றான்.

நாங்கள் பேசியது பாதி இந்தி, பாதி அரபி, மீதி கை ஜாடை. இங்கே தமிழில் எழுதுகிறேன். அவனும் கிறிஸ்தவன், வெள்ளிக்கிழமை லீவில் நான் போகிற அதே கோயிலுக்குத்தான் வருவான். என்னை 'உம்மி' என்பான், அரபியில் 'என் அம்மா'. மற்றவர்கள் அழுக்குத் துணியைக் கூடையில் எறிந்துவிட்டுப் போவார்கள். அவன் குனிந்து கதவுக்குள் நுழைந்து கையில் தருவான்.

சாக்ஸ் துவைக்கிறவளுக்கு ஆளின் நடை தெரியும். குதிகால் தேய்கிறவன், பெருவிரல் கிழிக்கிறவன் என்று எல்லாம் எனக்கு மனப்பாடம். அவன் வந்த மூன்றாவது வருஷம் யாக்கூபின் வலது சாக்ஸ் அடிப்பாகம் வலையாகிப் போயிருந்தது. இடது சாக்ஸ் கடையில் வாங்கிய மாதிரி இருந்தது. இரண்டு வாரம் பார்த்தேன். மூன்றாவது வாரம் கேட்டேன்.

"இடது காலை ஊன்றுவதே இல்லையா நீ?"

அவன் கதவைப் பார்த்தான். பிறகு பேண்ட் காலை ஏற்றிக் காட்டினான். முட்டி, முட்டி மாதிரியே இல்லை.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"மாஃபி கலாம், உம்மி" என்றான். பேச்சே கூடாது என்று அர்த்தம்.

சீசன் முடிய இன்னும் ஏழெட்டு ஆட்டம் இருந்தது. அதை முடித்துவிட்டால் அடுத்த வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்களாம். அந்தக் காகிதம் கைக்கு வந்தால் மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் அழைத்துவர விசா போடலாம். டாக்டர் முட்டியைப் பார்த்துவிட்டால் கலாஸ், எல்லாம் முடிந்தது, ஊருக்கு டிக்கெட். கிளப்பில் கொடுக்கிற பட்டையை டாக்டர் கையால்தான் வாங்க வேண்டும், நோட்டில் ஏறும். அதனால் இவனே அஜ்மானில் ஒரு கடையில் நல்ல பட்டையாக ஒன்று வாங்கி, நிக்கருக்குக் கீழே தெரியாத மாதிரி நீளமான காலுறைக்குள் போட்டுக்கொண்டு பயிற்சியிலும் ஆட்டத்திலும் ஆடினான். வேர்வையில் ஊறியதை ரொட்டிக் கவரில் சுற்றி என்னிடம் தந்தான்.

நான் வாங்கிக்கொண்டேன். சிவநேசன் சார் இல்லாத நேரத்தில் அலசி, டிபன் பையில் வைத்து ரூமுக்குக் கொண்டுபோய், கட்டில் கம்பியில் துண்டை விரித்து அதன்மேல் பரப்பி, ஃபேன் காற்றில் காயவைத்து மறுநாள் கொடுப்பேன். கிளப்பில் நிழல் பலகையில் வைத்தால் சார் கண்ணுக்குத் தப்பாது. ஆறு ஆட்டம் இப்படியே போயிற்று.

ஏழாவது ஆட்டத்துக்கு முந்தின நாள் எங்கள் கட்டிடத்தில் கரண்ட் போய்விட்டது. வெயில் ஏறத் தொடங்கிய மாதம். ரூமே புழுங்கியது, துணி எப்படிக் காயும்? காலையில் பட்டை ஈரமாகவே இருந்தது. சாயங்காலம் ஆட்டம். கிளப்புக்கு வந்தால் சார் நிழல் பலகைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து அன்றைய பனியன்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். ஈரப் பட்டை முட்டித் தோலை உரித்துவிடும் என்று யாக்கூப் முன்பே சொல்லியிருந்தான். துண்டுகளுக்கு நடுவே சொருகி டிரையரில் போட்டேன். பத்து நிமிஷம், குறைந்த சூட்டில். அவ்வளவுதான் என் கணக்கு.

"அக்கா, ஒருக்கா வாங்கோ. ஒன்பதாம் நம்பர் கழண்டு போச்சு, தைச்சுத் தாறியளே?"

போய்த் தைத்தேன். ஒன்பது முடிந்தால் பன்னிரண்டும் கிளம்பியிருந்தது. நான் திரும்பி வருவதற்குள் அந்தச் சுற்று முடிந்து, துண்டு இன்னும் ஈரமாக இருக்கிறதென்று கூட வேலை பார்த்த யாரோ சூட்டைக் கூட்டி மறுபடி ஓட்டியிருந்தார்கள்.

எடுத்துப் பார்த்தேன். பார்வைக்கு ஒன்றும் இல்லை. இழுத்தேன். போனது, நின்றது, மெல்ல வந்தது.

கைக்குத் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

சாயங்காலம் உடைமாற்றும் அறை வாசலில் வைத்துக் கொடுத்தேன். அவன் அவசரத்தில் இருந்தான். "நல்லா இருக்கா, உம்மி?" என்று கேட்டான். எப்போதும் கேட்பதுதான். அப்போது சொல்லியிருந்தால் பழைய பட்டித்துணியைச் சுற்றி இறுக்கியிருப்பான், அல்லது வயிற்றுவலி என்று அன்றைக்கு உட்கார்ந்திருப்பான். சொல்ல வாய் வந்தது. ஆனால் சொல்ல வேண்டியது என்ன? 'நான் பாழாக்கிவிட்டேன்' என்று. அந்தக் கிளப்பில் அத்தனை வருஷத்தில் என் கையில் ஒரு துணி பாழானதில்லை. என் கை வாங்கிக் கொடுத்த வேலை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். தலையை ஆட்டினேன். "அச்சா, அச்சா" என்றேன்.

நான் ஆட்டம் பார்ப்பதில்லை. அன்றைக்குத் துண்டுகளை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். இரண்டாவது பாதியில் பந்துக்காக எழும்பினான். இறங்கும்போது அவன் பக்கத்தில் யாருமே இல்லை. யாரும் தள்ளவில்லை, யாரும் இடிக்கவில்லை. இடது கால் தரையைத் தொட்டது, முட்டி பக்கவாட்டில் போயிற்று. அத்தனை உயரமான மனுஷன் விழ நேரமாகும் என்று நினைப்பேன். நேரமே ஆகவில்லை.

டாக்டர் ஓடிவந்து பட்டையைக் கத்தரியால் வெட்டி எறிந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போனேன். பூசையில் எல்லாரும் நன்மை அப்பம் வாங்கப் போனபோது நான் எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் சிவநேசன் சார் அந்த வெட்டின பட்டையை என் மேசையில் வைத்தார். குப்பையிலிருந்து எடுத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு நல்ல பட்டையை வைத்தார். இரண்டையும் என் முன்னால் இழுத்து விட்டார்.

"அக்கா, இது எங்கட சாமான் இல்லை. ஆர் காயவைச்சது?"

"எனக்குத் தெரியாது சார்."

நோட்டைத் திறந்தார், ஒன்றும் எழுதாமல் மூடினார். போய்விட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் அவரே வந்து சொன்னார். "யாக்கூபை அனுப்பப் போயினமாம். பழைய காயத்தை ஒளிச்சவன் எண்டு எழுதிப்போட்டினம். ஒளிச்ச காயமெண்டா ஒப்பரேசன் கிளப் செய்யாது."

"அப்ப அந்த முட்டியோடயா போவான்?"

"ஓம். எங்கட சலவையில பழுதான சாமானால ஆட்டத்தில விழுந்தவன் எண்டா அது டூட்டிக் காயம், கிளப் செய்யத்தான் வேணும். அப்பிடிச் சொல்ல ஆரும் இல்லையே."

நான் ஏப்ரனைக் கழற்றிவிட்டு யாக்கூப் இருந்த பிளாட்டுக்கு நடந்தேன். கட்டிலில் கால் அடங்காமல் ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் வைத்திருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். டிரையர், சூடு, நான்.

"வாசலில் உன்னைக் கேட்டேனே" என்றான்.

"கேட்ட."

"இழுத்துப் பார்த்தாயா?"

"பாத்தேன்."

"தெரிந்ததா?"

"தெரிஞ்சுது."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "போ, உம்மி" என்றான். அப்போதும் உம்மி என்றுதான் சொன்னான். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்து சாரிடம் சொன்னேன். "அந்தப் பட்டையை டிரையர்ல போட்டது நாந்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சனிக்கிழமையே தெரியும். டிரையரைத் திறந்தா றப்பர் மணம். நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"நீங்களே ஆபீஸ்ல சொல்லியிருக்கலாம்லா?"

"நான் சொன்னா உங்களில பழி போடுறன் எண்டுதான் நினைப்பினம். நீங்கள் சொன்னாத்தான் நம்புவினம். உங்களை வேலையால நிப்பாட்டவும் கூடும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

"நாலு நாளா யோசிச்சாச்சு. வாங்க போவோம்."

அன்றைக்கு ஆபீஸ் மூடியிருந்தது, மறுநாள் போனோம். அதிகாரி வெள்ளை அங்கியில் சோபாவில் இருந்தார். சார் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவர் முதலில் சிரித்தார். ஒரு முழத் துணி இத்தனை பெரிய ஆளைத் தள்ளுமா என்று கேட்டிருப்பார் போல. சார் இரண்டு பட்டைகளையும் அவர் கையில் கொடுத்தார். வெட்டினதை ஊக்கு குத்தி வட்டமாக்கி வைத்திருந்தார். இழுத்துப் பாருங்கள் என்று கையால் காட்டினார். அதிகாரி இழுத்தார். ஒரு தடவை, இன்னொரு தடவை. சிரிப்பு நின்றது. பிறகு சார் ஏதோ சொல்லித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். சலவை அறை என் பொறுப்பு, தப்பும் என்னுடையது என்று சொன்னாராம். வெளியே வந்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். கைநாட்டுக்கு மைப்பெட்டியை நகர்த்தினார்கள். வேண்டாம் என்று பேனாவை வாங்கி, பிரகாசியம்மாள் என்று முழுப் பெயரையும் தமிழில் எழுதினேன். சாருக்கு அந்த வருஷ லீவை வெட்டினார்கள். அவர் நாட்டில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்துத் தாயைப் பார்க்க டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். "வாற வருசம் போவம், அக்கா" என்றார். வாற வருஷம் போக முடியவில்லை. சண்டை மறுபடி மூண்டு பாதையைப் பூட்டிவிட்டார்கள். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. 'இன்னொருக்கா'கூட அதற்குப் பிறகு முன்பு மாதிரிதான் சொன்னார்.

யாக்கூபுக்கு ஆபரேஷன் நடந்தது. நடக்கலாம், மாடி ஏறலாம், ஆட முடியாது. எப்படியும் அந்த முட்டி ஒரு வருஷம் தாங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். நான் அதைப் பிடித்துக்கொண்டு தூங்கவில்லை. அந்த ஒரு வருஷத்துக்காகத்தான் அவன் அத்தனையும் செய்தான்.

மூன்று மாதம் கழித்துக் கம்பு ஊன்றிக்கொண்டு சாமான் ஒப்படைக்க வந்தான். கிளப் வழக்கம் அது. பனியன் இரண்டு, நிக்கர் இரண்டு, கோட்டு ஒன்று. நான் வாங்கி மடித்தேன். மன்னிப்புக் கேட்க நல்ல அரபியில் நான்கு வார்த்தை, எகிப்துக்காரப் பெண் ஒருத்தியிடம் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். சொன்னேன். அவன் முழுசாகக் கேட்டான்.

"உம்மி, இப்போது முடியவில்லை" என்றான். "சும்மா வாயால் சொல்ல எனக்கு வராது. கொஞ்ச காலம் ஆகட்டும். மனசு சரியானதும் யார் மூலமாவது சொல்லி அனுப்புகிறேன்."

"சரி" என்றேன். குனிந்து கதவைத் தாண்டிப் போனான்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அந்த அறையில் நின்றேன். சூடான்காரர் யார் கிளப்புக்கு வந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நிற்பேன். அவர்கள் வேறு வேலையாக வந்திருப்பார்கள். ஊருக்கு வந்தும் வருஷம் ஆயிற்று. சொல் ஒன்றும் வரவில்லை. அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. மனசு இன்னும் சரியாகவில்லை என்றுதான் அர்த்தம். அதில் அவன்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.